தெரு நலச் சங்கம், மதுரை: செயலாளர் ஆண்டறிக்கை 2025–26

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், நாற்காலி போதாமல் பின்னால் நின்றுகொண்டிருக்கும் தெருவாசிகளுக்கும் வணக்கம். 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரை சங்கம் செய்ததையும், செய்யாமல் விட்டதையும் உங்கள் முன் வைக்கிறேன்.

வழக்கமானவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். தெருவிலுள்ள 41 வீடுகளில் 36 வீடுகள் சந்தா கட்டியுள்ளன. மற்ற ஐந்து வீட்டாரும் இங்கே வந்திருப்பதால் அதைப் பற்றி மேற்கொண்டு பேசவில்லை. கிழக்கு முனைச் சாக்கடை அடைப்பு நான்கு மனுக்களுக்குப் பிறகு எடுக்கப்பட்டது. பழுதான மூன்று தெருவிளக்குகளில் இரண்டு எரிகின்றன. தண்ணீர் லாரிக்காரர் ஒருவரோடு ஏற்பட்ட தகராறு பேசித் தீர்ந்தது. மழைக்காலத்தில் கொசு மருந்து இரண்டு தடவை அடிக்கப்பட்டது. அவ்வளவுதான். போன வருஷ அறிக்கை முழுக்கச் சாக்கடையும் விளக்குமாகவே இருந்தது என்று சிலர் குறைப்பட்டுக்கொண்டீர்கள். இந்த வருஷம் சொல்ல வேறு விஷயம் இருக்கிறது. கோடை விடுமுறை.

ஏப்ரல் முதல் வாரச் செயற்குழுவில், பிள்ளைகளை ஒரு பஸ்ஸில் ஏற்றிக் கொடைக்கானல் கூட்டிப்போவது என்று தீர்மானம் போட்டோம். முன்மொழிந்தவன் நான்தான். பஸ் வாடகையைக் கேட்டதும் பொருளாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார். அது போதாதென்று, உயர் நீதிமன்ற உத்தரவுப்படி அந்தக் கோடையில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டிகள், சனி ஞாயிறில் 6,000 வண்டிகள்தான் என்று வரம்பு வேறு வந்திருந்தது. இ-பாஸும் எடுக்க வேண்டும். பஸ்காரருக்குத் தோதான தேதி நமக்குத் தோதாக இல்லை. தீர்மானம் அப்படியே படுத்துவிட்டது. பிள்ளைகள் இரண்டு நாள் என் வீட்டு வாசல் வழியாகப் போகும்போது என்னைப் பார்த்தும் பார்க்காததுபோலப் போனார்கள்.

அப்போது பதினோராம் நம்பர் வீட்டு அப்பத்தா திண்ணையிலிருந்து சொன்னது: "அம்புட்டுத் தூரம் போயி என்னத்தப் பாக்கப் போறீக? ஏரியத்தானே? நம்ம தெப்பக்குளத்துல தண்ணி கெடக்கு. சாயங்காலம் கூட்டிட்டுப் போயிக் காட்டுங்கப்பா." சங்கத்தின் கோடைத் திட்டம் என்று பிறகு பெயர் வைத்துக்கொண்டதெல்லாம் இந்த ஒரு வாக்கியத்தில் தொடங்கியதுதான். செயற்குழுவுக்கு அதில் பெருமை இல்லை.

முதலில் நடந்தது நிழல் பார்த்தது. ஓய்வுபெற்ற இயற்பியல் வாத்தியார் நம் தெருவில் இருப்பது பலருக்குத் தெரியும். அவரை எதற்குப் பயன்படுத்துவது என்றுதான் தெரியாமல் இருந்தது. வருஷத்தில் இரண்டு தடவை, ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும், மதுரையில் உச்சி வெயில் சரியாகத் தலைக்கு மேலே வரும், அப்போது நட்ட பொருளுக்கு நிழல் விழாது என்றார். ஏப்ரல் 16 அன்று பதினேழாம் நம்பர் வீட்டு மொட்டை மாடியில் ஒரு பித்தளைச் செம்பு வைக்கப்பட்டது. கடிகாரத்தில் 12 அடித்ததும் எல்லாரும் குனிந்து பார்த்தோம். நிழல் இருந்தது. "பொறுங்க. நம்ம கடிகாரம் காட்டுறது இந்தியா முழுசுக்கும் பொதுவான நேரம். மதுரைக்கு உச்சி வர இன்னும் பதினேழு நிமிஷம் ஆகும்" என்றார் வாத்தியார். செம்பின் நிழல் அங்குலம் அங்குலமாக உள்ளே இழுத்துக்கொண்டு, வயிற்றுக்கு அடியில் ஒரு வளையமாகச் சுருங்கி, 12.17 வாக்கில் எந்தப் பக்கமும் எட்டிப் பார்க்காமல் நின்றது. "தாத்தா, என் நிழலைக் காலுக்குக் கீழ மிதிச்சுக்கிட்டு இருக்கேன்" என்று ஒரு சின்னப் பெண் குதித்தாள். அன்று பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் போட்டோவில் பார்த்துத் திருப்திப்பட வேண்டியதாயிற்று. செருப்பில்லாமல் ஏறிய ஒரு பையனுக்குக் குதிகாலில் கொப்புளம் வந்தது. அதற்குச் செயலாளர் என்ற முறையில் நானே பொறுப்பு. அன்றைக்கே போட்ட விதி: காலை 11 மணிக்கு மேல் சாயங்காலம் 4 மணி வரை மாடி பூட்டியிருக்கும், சாவி பதினேழாம் நம்பர் அக்காவிடம் இருக்கும்.

தெப்பக்குளத்துக்கு மூன்று சாயங்காலம் போனோம். திருமலை நாயக்கர் வெட்டிய குளம், பாடப் புத்தகத்தில் இருக்கிறது, அதில் பிள்ளைகளுக்குப் பெரிய ஆர்வமில்லை. நான் படிக்கிற காலத்தில் அது கோடையில் காய்ந்து கிடக்கும், அதற்குள் இறங்கிக் கிரிக்கெட் ஆடியிருக்கிறோம் என்றதும்தான் நிமிர்ந்து பார்த்தார்கள். "பந்து மைய மண்டபத்துக்குள்ள போனா நாலா, ஆறா?" என்று கேட்டான் ஒருவன். வைகையிலிருந்து தண்ணீர் வரும் கால்வாயைச் சரிசெய்தபிறகு சில வருஷமாகக் குளம் நிறைந்திருக்கிறது. குளம் தோண்டும்போது கிடைத்ததாகச் சொல்லப்படுபவர்தான் மீனாட்சியம்மன் கோவில் முக்குறுணிப் பிள்ளையார். குறுணி என்றால் என்ன என்று கேள்வி வந்தது. ஆறு படி ஒரு குறுணி, மூன்று குறுணி பதினெட்டுப் படி, சதுர்த்தியன்று அத்தனை அரிசியில் அவருக்கு ஒரே கொழுக்கட்டை. படி என்றால் என்ன என்பது அடுத்த கேள்வி. மறுநாள் அப்பத்தா பரணிலிருந்து படியை இறக்கிக் காட்டினார். அந்தப் படி பிறகு வத்தலுக்கும் பயன்பட்டது.

வத்தல் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், தெருவில் இன்னும் அதைப் பற்றித் தவறான தகவல்கள் உலவுகின்றன.

கூழ் வத்தல் போடுவதென்று முடிவானது ஏப்ரல் கடைசி வாரம். பச்சரிசி மாவு ஒரு பங்குக்கு ஆறு பங்கு தண்ணீர், ஊறவைத்த ஜவ்வரிசி, பச்சைமிளகாய் உப்பு சேர்த்து அரைத்தது, சீரகம், பெருங்காயம். விடிகாலை நாலு மணிக்கு அடுப்பு மூட்டினால்தான் வெயில் ஏறுவதற்குள் ஊற்றி முடிக்க முடியும். கூழ் வெந்ததா என்று பார்க்கக் கையைத் தண்ணீரில் நனைத்துத் தொட வேண்டும், ஒட்டாவிட்டால் வெந்துவிட்டது. இறக்கியபிறகுதான் எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்து மாடியில் விரித்து, நாலு மூலைக்கும் செங்கல் வைத்து, ஒரு கரண்டி ஒரு வட்டமாக ஊற்றிக்கொண்டே பின்னால் நகர வேண்டும். முன்னால் நகர்ந்தால் ஊற்றியதையே மிதிப்போம். இதை எனக்குச் சொன்னவர்கள் நான் மிதித்தபிறகுதான் சொன்னார்கள்.

உப்பு விஷயம். காயக் காய உப்பு தூக்கும், அதனால் கூழை வாயில் வைத்தால் உப்பு குறைவாகத் தெரிவதுதான் சரி. முதல் ஈட்டில், உப்பு போதவில்லை என்று நினைத்து ஒருவர் ஒரு கை போட்டார். அவர் போட்டது தெரியாமல் இன்னொருவரும் ஒரு கை போட்டார். இருவரும் தங்கள் பெயர் அறிக்கையில் வரக்கூடாது என்று தனித்தனியே என்னிடம் கேட்டுக்கொண்டார்கள். அதனால் ஐந்து பெண்கள் அங்கே இருந்தார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அந்த வத்தலை உப்பில்லாத கஞ்சிக்குத் தொட்டுக்கொண்டால் நன்றாகவே இருக்கிறது.

காக்கைக் காவல் பிள்ளைகள் பொறுப்பு. காலையிலும் சாயங்காலமும் முறை போட்டுக்கொண்டு, விரித்துவைத்த கறுப்புக் குடைக்கு அடியில் உட்கார்ந்தார்கள். நடுப்பகலில் மாடி பூட்டியிருக்கும்போது காவல் இன்னொரு கறுப்புக் குடையும், கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட பழைய சி.டி.க்களும்தான். காவலின்போது காக்கை தின்றதைவிடக் காவல்காரர்கள் தின்றது அதிகம் என்பது என் மதிப்பீடு. மேலே காய்ந்து உள்ளே இன்னும் மெத்தென்று இருக்கும் அந்த அரைக்காய்ச்சல் பதத்துக்கு ஈடு, பொரித்த வத்தலிலும் கிடையாது. சாயங்காலம் வேட்டியைக் கவிழ்த்து, பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரித்தெடுத்து, மறுபடி முறத்தில் இரண்டு நாள் காயவைக்க வேண்டும்.

இரண்டாம் ஈடு மே மாதம். மூன்று மணிவரை கொளுத்திய வெயில், நாலரைக்குக் கிழக்கே கருத்துவிட்டது. "மழ! மழ!" என்று காவலிலிருந்த பையன் கத்திய கத்தில் தெருவே மாடிப்படியில் ஏறியது. நான்கு வேட்டிகளில் இரண்டைச் சுருட்டிக் கீழே கொண்டுவந்தோம். மற்ற இரண்டில் இருந்தது திரும்பவும் கூழாகிவிட்டது. கோடை மழையைத் திட்ட யாருக்கும் மனம் வரவில்லை. பிள்ளைகள் மாடியிலேயே நின்று நனைந்தார்கள்.

இதில் ஒன்றைப் பதிவு செய்தாக வேண்டும். கோடை நிகழ்ச்சிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் செலவு 4,860 ரூபாய்தான் என்று பொருளாளர் சற்று நேரத்தில் பெருமையோடு வாசிப்பார். செலவு குறைந்ததற்குக் காரணம், விடிகாலை நாலு மணிக்கு அடுப்பின் முன்னால் துடுப்புப் போட்டுக் கிளறியவர்களின் கூலி கணக்கில் இல்லை. அந்த ஐந்து பேரும் முடித்துவிட்டு அவரவர் வீட்டில் இட்லிப் பானையும் ஏற்றினார்கள். 'சங்கம் வத்தல் போட்டது' என்று எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. மூன்றாம் ஈட்டுக்கு ஆண்கள் கிளற வேண்டும் என்று என் வீட்டுக்காரம்மா சொல்லி, நானும் தலைவரும் கிளறினோம். கட்டி தட்டியது. தோள்பட்டை மூன்று நாள் வலித்தது. வரும் கோடையிலும் ஆண்கள் முறை இருக்கும் என்று செயற்குழு தீர்மானித்திருக்கிறது. யார் முதல் என்பதில் இன்னும் உடன்பாடு இல்லை.

மே 10 சனிக்கிழமை நிலாச்சோறு. சித்ரா பௌர்ணமிக்கு இரண்டு நாள் இருந்தது, ஆனால் பௌர்ணமியன்றும் அதற்கு முந்தின நாளும் மதுரையில் யாரும் வீட்டில் இருக்கமாட்டார்கள் என்பதால் சனிக்கிழமையே வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் சோறு மட்டும் வந்தது. அப்பத்தா பெரிய தாம்பாளத்தில் கொட்டிப் பிசைந்தார். முதலில் வத்தக்குழம்புச் சோறு, பிறகு தயிர்ச் சோறு. சுற்றி உட்கார்ந்தவர்கள் கையை நீட்ட, ஒவ்வொரு உருண்டையாக வைத்து, தயிர்ச் சோறு என்றால் கட்டைவிரலால் நடுவில் ஒரு குழி அழுத்திக் கொஞ்சம் குழம்பை அதில் ஊற்றினார். வீட்டில் தயிர்ச் சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பும் என் பேரன் ஏழு உருண்டை சாப்பிட்டான். எட்டாவதற்குக் கை நீட்டியபோது, "இந்தா, இவனுக்குத் தனியா ஒரு தாம்பாளம் வைங்கடி" என்றார் அப்பத்தா. மாடி விளக்கை அணைத்திருந்தோம். குழம்பு கொஞ்சம் பாயில் சிந்தியிருந்தது விடிந்தபிறகுதான் தெரிந்தது. பாய் பதினேழாம் நம்பர் வீட்டாருடையது. அவர்களிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று.

மே 12, அழகர் ஆற்றில் இறங்கிய நாள். நம் சார்பில் தெருமுனையில் நீர்மோரும் பானகமும் கொடுத்தோம். ஐஸ் வேண்டாம் என்று முடிவுசெய்து, மண்பானைகளை மணலில் பதித்து ஈரச் சாக்குச் சுற்றிவைத்தோம். பானகத்துக்கு வெல்லம், எலுமிச்சம்பழம், சுக்கு, ஏலக்காய். காகிதக் கோப்பைக்குப் பதிலாகச் சில்வர் டம்ளர். கழுவும் வேலையைப் பிள்ளைகள் சண்டை போட்டு வாங்கிக்கொண்டார்கள், தண்ணீரில் கை வைக்கலாம் என்பதால். டம்ளர்களில் ஒன்பது திரும்பி வரவில்லை. சாமி கும்பிட வந்தவர்கள் மேல் சந்தேகப்பட வேண்டாம் என்று தலைவர் சொல்லிவிட்டார்.

பகல் பொழுதுக்குத் திண்ணை விளையாட்டு. தாயமும் சொட்டாங்கல்லும் பிரச்சினையில்லாமல் நடந்தன. சாக்கட்டியில் கோடு கிழித்து மூன்று புலி, பதினைந்து ஆடு வைத்து ஆடுபுலி ஆட்டம் சொல்லிக்கொடுத்தது தையல்கார அண்ணன். ஆட்டுப் பக்கம் ஆடி அவரை ஜெயித்த ஒரே ஆள் ஆறாம் வகுப்புப் பெண். பல்லாங்குழியில்தான் தகராறு. குழிக்கு ஐந்து முத்தா, ஆறு முத்தா என்று பெரியவர்கள் பேச ஆரம்பித்து ஒரு மத்தியானம் போய்விட்டது. நாலு சேர்ந்தால் பசு என்பதில் மட்டும் எல்லாரும் ஒத்துப்போனார்கள். கடைசியில், பலகை யார் வீட்டுடையதோ அவர்கள் வழக்கப்படி ஆடுவது என்று சமரசம். பிள்ளைகள் இந்தப் பேச்சு முடியும்வரை புளியங்கொட்டையை வைத்து வேறு ஏதோ ஆடிக்கொண்டிருந்தார்கள்.

நுங்கு வாங்கியது மூன்று தடவை. வெட்டிக் கொடுத்ததைக் கட்டைவிரலால் நோண்டி உறிஞ்சத் தெரியாத பிள்ளைகள் பாதிப் பேர் இருந்தார்கள். கரண்டி கேட்ட பையனை இன்னும் அந்தப் பெயரிலேயே கூப்பிடுகிறார்கள், அதை நிறுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். தோலை உடம்பில் தேய்த்தால் வேர்க்குரு அடங்கும் என்று பெரியவர்கள் தேய்த்துவிட்டார்கள். காலியான நுங்குக்கூடு இரண்டு, நடுவில் குறுக்கே ஒரு குச்சி, தள்ளிப்போக ஒரு கவைக்கம்பு: நுங்கு வண்டி. மாலையில் தெருவின் இரண்டு முனைக்கும் இடையே பந்தயம் நடந்தது. ஒரு வண்டியின் சக்கரம் கழன்று, எரியாத அந்த மூன்றாவது விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் சாக்கடைக்குள் போய்விட்டது. அது வேறு ஒரு மனுவுக்குக் காரணமாயிற்று.

ஜூன் 2 அன்று பள்ளிக்கூடம் திறந்தது. கொடைக்கானல் பற்றிய தீர்மானத்தை வரும் கோடைக்குப் புதுப்பிக்கலாமா என்று பிள்ளைகளிடம் கேட்டேன். போகலாம், ஆனால் நிலாச்சோற்றுக்கு முன்னால் திரும்பிவிட வேண்டும் என்றார்கள்.

பொருளாளர் கணக்கு வாசிப்பதற்கு முன் ஒரு வேண்டுகோள். வத்தலுக்கு விரித்த வேட்டிகளில் இரண்டு இன்னும் வந்து சேரவில்லை. ஒன்றில் நீலக்கரை, மூலையில் மஞ்சள் கறை இருக்கும். அப்பத்தாவின் படியும் யார் வீட்டிலோ இருக்கிறது. எடுத்துப்போனவர்கள் இந்த வாரத்துக்குள் என் வீட்டில் கொடுத்துவிடவும். அடுத்த ஈட்டுக்கு மாவு ஊறப்போட்டாயிற்று.

இப்படிக்கு,
செயலாளர்