வண்டைப் பழக்கவில்லை, அரக்கு வைத்து ஒட்டினார்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய கிறிஸ்துமஸ் படங்களைப் பற்றிய ஞாயிறு மலர்க் கட்டுரையில், 1913-ல் ரஷ்யாவில் வெளியான ‘பூச்சிகளின் கிறிஸ்துமஸ்’ குறும்படம் பழக்கப்படுத்திய பூச்சிகளை வைத்து எடுக்கப்பட்டது என்று வந்திருந்தது. வெகுகாலமாகச் சுற்றிவரும் தவறு இது. பொன்வண்டைத் தீப்பெட்டியில் வைத்து வளர்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், வண்டு பழகாது.

படத்தை எடுத்த விளாதிஸ்லாவ் ஸ்டாரெவிச், லிதுவேனியாவின் கௌனாஸ் நகர அருங்காட்சியகத்தில் பணியாற்றியவர். 1910-ல் கொம்பு வண்டுகள் சண்டையிடுவதைப் படம்பிடிக்க முயன்றார். அவை இரவில் நடமாடுபவை. விளக்கைப் போட்டதும் அடங்கிவிட்டன. எனவே செத்த வண்டின் கால்களைக் கழற்றி, அந்த இடத்தில் கம்பியை வைத்து, முத்திரை அரக்கால் மார்போடு ஒட்டினார். ஒரு ஃபிரேம், அதாவது ஒரு நிலைப்படம் எடுப்பது, காலை மயிரிழை நகர்த்துவது, அடுத்த ஃபிரேம். கிறிஸ்துமஸ் படமும் இதே கைவேலைதான். கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கும் தாத்தா பொம்மை, வீட்டார் தூங்கியதும் இறங்கிக் காட்டுக்குப் போய்ப் பூச்சிகளுக்கும் தவளைக்கும் விருந்து வைக்கிறது. நொடிக்கு 16 ஃபிரேம் என்று வைத்தால் ஆறு நிமிடத்துக்கு 5,760 ஃபிரேம். அதையே பிற்காலத்து 24 ஃபிரேம் வேகத்தில் ஓட்டினால் எல்லாம் ஒன்றரை மடங்கு பதறும். பழைய படம் என்றாலே துள்ளும் என்று நாம் நினைப்பது இதனால்தான்.

அதே 1913-ல்தான் நம் மும்பை கிர்காவ் கொரனேஷன் அரங்கில், இந்தியாவின் முதல் முழுநீளப் படமான ‘ராஜா ஹரிச்சந்திரா’ வந்தது. அதற்கு முன்பே அதை எடுத்த பால்கே, பட்டாணி முளைப்பதை நாளுக்கு ஒரு ஃபிரேமாக எடுத்துப் பார்த்திருந்தார்.

விடுமுறையில் பிள்ளைகள் இப்படி ஒரு படம் செய்து பார்க்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். செய்யலாம், ஆனால் எப்படி என்று சொல்லவில்லை. மழைக்காலத்தில் தெருவிளக்கடியில் செத்துக் கிடக்கும் காண்டாமிருக வண்டு போதும். உயிருள்ளதைத் தொட வேண்டாம். காய்ந்த வண்டை அப்படியே வளைத்தால் மூட்டு முறியும். ஈர மணல் போட்ட மூடிய டப்பாவில், நீர் படாமல், ஓரிரு நாள் வைத்தால் இளகும். அதற்கு மேல் வைத்தால் மும்பை ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிடும். காலுக்கு அரை மில்லிமீட்டருக்கும் குறைவான மெல்லிய செம்புக் கம்பி நல்லது. எஃகுக் கம்பி கையை எடுத்ததும் பழைய நிலைக்குத் தெறிக்கும். செம்பும் ஒரே இடத்தில் பலமுறை வளைந்தால் ஒடியும், ஆகவே உபரிக் கால்கள் தயாராக இருக்கட்டும். கம்பியின் நுனியைத் தக்கைப் பலகையில் குத்தி நிறுத்தாவிட்டால் வண்டு நடக்காது, வழுக்கும்.

பழைய குண்டு பல்பை அருகில் வைத்தால் அரக்கு இளகிக் கால் சரியும். படம் ஓடும்போதுதான் அது கண்ணில் படும், அதற்குள் நூறு ஃபிரேம் வீணாகியிருக்கும். எல்இடி விளக்கே மேல். ஜன்னலை மூடிவிட வேண்டும், மேகம் போனால்கூட வெளிச்சம் துடிக்கும். கைப்பேசியில் எடுப்பவர்கள் அதை ஸ்டாண்டில் இறுக்கி, திரையை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவு) பூட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் நகர்த்தும் கையின் நிழலுக்கெல்லாம் கேமரா தானே வெளிச்சத்தை மாற்றிக்கொள்ளும்.

இன்னொன்று, படத்தில் வருபவர் சாண்டா கிளாஸ் அல்ல. ரஷ்யர்களின் பனித் தாத்தா, தேத் மரோஸ்.

– அனிமேஷன் ஆசிரியர், மாதுங்கா, மும்பை