ஒரு புள்ளிக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு

கார்டிஃப், மே 2018

அன்புள்ள எல்லாருக்கும்,

பில்பாவோவிலிருந்து திரும்பி ஒரு வாரம் ஆகிறது. துவைத்து மடித்த நீலச் சட்டை இன்னும் நாற்காலி மேலேயே கிடக்கிறது, பீரோவுக்குள் வைக்க மனம் வரவில்லை. வேல்ஸில் எங்கள் ஊர் ரக்பி அணியான கார்டிஃப் புளூஸ் ஐரோப்பிய சேலஞ்ச் கோப்பையை வென்றுவிட்டது. இங்கிலாந்தின் குளஸ்டர் அணிக்கு எதிராக 31-30. ஒரே ஒரு புள்ளி. அதை நான் நேரில் பார்த்தேன். எத்தனை பேர் கைகொடுத்ததால் பார்க்க முடிந்தது என்று நேற்று ராத்திரி எண்ணிப் பார்த்தேன். எண்ணி முடித்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

தமிழில்தான் எழுதுகிறேன். உங்களில் பலருக்கு இதைப் படிக்கத் தெரியாது. ஆங்கிலத்தில் எல்லாரிடமும் நன்றி சொல்லியாகிவிட்டது; ஆனால் கடையில் மீதிச் சில்லறை வாங்கும்போதும் அதே சொல்லைத்தான் சொல்கிறேன். மனதில் இருப்பது முழுசாக வர எனக்கு என் மொழி வேண்டும். என் மகள் உங்களுக்கு வாசித்து அர்த்தம் சொல்வாள். ரக்பியில் இவளுக்கு என்ன வந்தது என்று கேட்கிற நம் ஊர்ச் சிநேகிதிகளும் இதைப் படித்தால் நல்லது.

முதலில் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு.

நாங்கள் கார்டிஃபின் கான்டன் பகுதியில் குடிவந்த இரண்டாவது குளிர்காலம் அது. உங்களுக்கு முழங்கால் அறுவை முடிந்திருந்தது. நான் நர்ஸ் என்று தெரிந்து, படி இறங்கப் பழக்கிவிடச் சொல்லிக் கேட்டீர்கள். பழக்கிவிட்டேன். பத்து நாள் கழித்து, "ஆட்டத்துக்குத் தனியாக நடந்துபோக பயமாக இருக்கிறது, துணைக்கு வருகிறாயா?" என்றீர்கள். எனக்கு ஆட்டமும் தெரியாது, அணியும் தெரியாது. கௌபிரிட்ஜ் சாலையில் நேராக நடந்து, டாஃப் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, கோட்டைச் சுவர் ஓரமாக வெஸ்ட்கேட் தெருவுக்குத் திரும்பும் வரை நீங்கள் பாடம் நடத்தினீர்கள். எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்து டிரை போட்டால் ஐந்து புள்ளி. அதற்குப் பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் இரண்டு. எதிரணி தப்பு செய்தால் கிடைக்கிற பெனால்டி உதைக்கு மூன்று. பந்தை முன்னால் எறியக் கூடாது, பின்னால்தான் கொடுக்க வேண்டும். முன்னேறுவதற்காகப் பின்னால் கொடுக்கிற ஆட்டம் என்று நீங்கள் சொன்னது எனக்கு அன்றைக்கே பிடித்துப்போனது.

ஆர்ம்ஸ் பார்க்கை அன்று முதல் தடவை பார்த்தேன். பக்கத்திலேயே எழுபதாயிரத்துக்கும் மேல் உட்காரும் தேசிய மைதானம் மலை மாதிரி நிற்கிறது. அதன் தோளில் சாய்ந்த மாதிரி, பன்னிரண்டாயிரம் பேர் கொள்ளும் நம்முடையது. மழை, காற்று, கையில் சூடான டீ. முன்வரிசையில் உட்கார்ந்தால், இரு அணியும் தோள் கோத்து முட்டித் தள்ளுகிற ஸ்க்ரம் இறங்கும்போது உடம்புகள் மோதும் சத்தமே கேட்கும். அவ்வளவு பக்கத்தில் ஒரு ஆட்டத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை. வந்த ஊரில் யாரையும் தெரியாது என்ற நினைப்பு அந்தப் படிக்கட்டில்தான் எனக்குப் போனது.

2010இல் மார்சேயில் இங்கிலாந்தின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஜானி வில்கின்சன் ஆடிய டூலோன் என்ற பிரெஞ்சு அணியை 28-21 என்று வென்று, இதே கோப்பையை முதல் தடவை கொண்டுவந்த கதையை நீங்கள் எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்! ஒவ்வொரு தடவையும் புதிதாகத்தான் கேட்டேன். நான் பிறக்காத ஊரின் பழங்கதையில் எனக்கும் ஒரு பங்கு கொடுத்தீர்கள். அதற்கு நன்றி.

சரி, இந்த சீசனுக்கு வருகிறேன். இது ஐரோப்பாவின் இரண்டாம் நிலைக் கோப்பை. பெரிய அணிகள் சாம்பியன்ஸ் கோப்பையில் ஆடும். அங்கே இடம் கிடைக்காதவை இங்கே. செய்தித்தாளில் உள்பக்கத்தில் ஒரு பத்தி வந்தால் அதிகம். இந்த முறை 20 அணிகள், ஐந்து குழுக்கள். சைபீரியாவின் கிராஸ்னோயார்ஸ்க் நகரிலிருந்து மட்டுமே இரண்டு அணிகள் வந்திருந்தன. அவற்றில் ஒன்றான கிராஸ்னி யார், போன வருடம் கோப்பை வாங்கிய பாரிஸின் ஸ்டேட் பிரான்ஸேவையே தோற்கடித்தது. நம் குழுவில் துலூஸ், லியோன், சேல். அதிலும் துலூஸ், பெரிய கோப்பையையே அதற்குள் நான்கு தடவை வாங்கியிருந்த அணி. இவர்களை முந்தி நாம் குழுவில் முதலிடம் பிடித்தபோது ஊரில் பலர் அதைக் கவனிக்கக்கூட இல்லை. எங்கள் வரிசையில் கவனித்தோம்.

அந்தக் குளிர்காலம் லேசாக இல்லை. பயிற்சியாளர் டேனி வில்சன் சீசன் முடிந்ததும் போய்விடுவார் என்று பாதியிலேயே தெரிந்துவிட்டது. சாம் வார்பர்ட்டன் காயத்தால் சீசன் முழுக்க ஒரு ஆட்டமும் ஆடவில்லை. வேல்ஸ் அணிக்குத் தலைமை தாங்கியவர், பிரிட்டன், அயர்லாந்து ஆட்டக்காரர்கள் சேர்ந்து ஆடும் லயன்ஸ் அணியை இரண்டு பயணங்களில் வழிநடத்தியவர், அவர் இல்லாமல். இப்படி ஒரு வருடத்தில் மனம் விட்டுப்போவது சுலபம். ஆட்டக்காரர்களும் விடவில்லை, வில்சனும் விடவில்லை. போகப்போகிற ஊருக்காகக் கடைசி நாள் வரை உழைத்தார் அந்த மனிதர். அவருக்கு என் கைகூப்பு.

மார்ச் 31, ஈஸ்டருக்கு முந்தின நாள், எடின்பரோவின் மரேஃபீல்டு மைதானத்தில் அந்த ஊர் அணியோடு கால் இறுதி. எனக்கு அன்று டூட்டி. இடைவேளையில் டீ அறைக்குப் போனால், என்னோடு வேலை பார்க்கிற பெண் ஒருத்தி மேசை மேல் துண்டுக் காகிதத்தில் ஸ்கோரை எழுதி வைத்திருந்தாள். அவளுக்கு ரக்பியில் துளியும் ஆர்வம் கிடையாது. நான் கேட்பேன் என்று தெரிந்து எழுதியிருக்கிறாள். கடைசித் துண்டில் 20-6 என்று இருந்தது, நமக்கு. அந்தக் காகிதம் இன்னும் என் பர்ஸில் இருக்கிறது.

ஏப்ரல் 21, அரையிறுதி நம் மைதானத்திலேயே. பிரெனீஸ் மலையடிவாரத்திலிருந்து வந்த ‘போ’ என்ற ஊரின் பிரெஞ்சு அணி. 16-10. கடைசி நிமிடங்களில் என் பக்கத்தில் இருந்தவர்கள் யாரும் உட்காரவில்லை. இங்கே ஒரு நன்றியைச் சொல்லிவிடுகிறேன்: வாசலில் டிக்கெட் பார்க்கிறவர்கள், சக்கர நாற்காலிக்காரர்களுக்கு வழிவிட்டு நிற்கிற தொண்டர்கள், டீக்கடைச் சன்னலில் விரல் விறைக்க நிற்கும் அம்மா. நீங்கள் யாரும் படத்தில் வரமாட்டீர்கள். எங்கள் பெரியவரின் முழங்காலைப் பார்த்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பக்கவாட்டுக் கதவைத் திறந்துவிட்டவர் நீங்கள்தான், மஞ்சள் சட்டை அண்ணா.

இறுதிப்போட்டி ஸ்பெயினில், பில்பாவோவின் சான் மாமேஸ் மைதானத்தில் என்றதும் பெரியவர் பேசாமல் இருந்துவிட்டார். அவர் விமானம் ஏறமாட்டார். எங்கள் வரிசையில் எப்போதும் எங்களுக்குப் பின்னால் உட்காரும் அண்ணன் தம்பி இருவர், குழாய் வேலை செய்கிறவர்கள், "கப்பல் இருக்கிறதே" என்றார்கள். வேலைக்கு வைத்திருந்த வேனிலிருந்து பைப்புகளை எல்லாம் இறக்கிவிட்டு, பெரியவர் கால் நீட்டுவதற்குத் தோதாகப் பின் இருக்கையை மாற்றிப் பொருத்தினார்கள். போர்ட்ஸ்மவுத்தில் கப்பல் ஏறி, பிஸ்கே விரிகுடாவைத் தாண்டிப் போய்ச் சேர ஒரு நாளுக்கு மேல் ஆயிற்று. பெட்ரோலுக்குக் காசு கொடுத்தால் வாங்கவே இல்லை. நான் கட்டிக்கொண்டுபோன புளிசாதத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். கப்பல் மேல்தளத்தில் நின்று கடலைப் பருப்பைத் தனியே பொறுக்காமல் அப்படியே சாப்பிட்டதைப் பார்த்தபோது என் தம்பிகளைப் பார்ப்பது போலவே இருந்தது. தம்பிகளே, நீங்கள் இல்லாவிட்டால் பெரியவரும் இல்லை, நானும் இல்லை.

என் கணவருக்கும் இங்கே சொல்ல வேண்டும். ஐந்து நாள் சமையல், பள்ளிக்கூடம், மகளின் தலைவாரல் எல்லாம் உங்கள் தலையில். "போய்ட்டு வா" என்ற அந்த ஒரு வார்த்தைக்கு மேல் நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை.

பில்பாவோவில் நடந்தது எனக்கு இப்போதும் நெஞ்சைப் பிடிக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிராமில் மைதானத்துக்குப் போனோம். பெரியவரை இறக்குகிற அவசரத்தில் என் மஞ்சப்பையை இருக்கையிலேயே விட்டுவிட்டேன். நான்கு பேருடைய டிக்கெட்டும் அதில். பெரியவரின் இரத்த அழுத்த மாத்திரைகளும் அதில். டிராம் போய்விட்டது. அழுகை வந்துவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது, தண்டவாளத்தின் ஓரமாக ஒரு இளைஞன் ஓடிவந்தான். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி அங்கிருந்து ஓடிவந்திருக்கிறான். கையில் மஞ்சப்பை. மூச்சு வாங்கியது. என் மொழி அவனுக்குத் தெரியாது, அவன் மொழி எனக்குத் தெரியாது. தங்கியிருந்த வீட்டு அம்மா அன்று காலைதான் எனக்குப் பாஸ்க் மொழியில் நன்றி சொல்லக் கற்றுக்கொடுத்திருந்தார். "எஸ்கெரிக் அஸ்கோ" என்றேன். அவன் முகம் மலர்ந்தது. என் கழுத்தில் இருந்த நீலத் துண்டைக் கழற்றிக் கொடுத்தேன், போட்டுக்கொண்டே போனான். தம்பி, உன் பெயர்கூடக் கேட்கவில்லை. நீ நன்றாக இருக்க வேண்டும்.

இனி ஆட்டம். பாதி ஆட்டத்தில் 20-6 என்று பின்தங்கியிருந்தோம். கால் இறுதியில் நாம் எடின்பரோவுக்குக் கொடுத்த அதே எண்கள், இப்போது நமக்கு எதிராக. பெரியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். இரண்டாம் பாதியில் டோமோஸ் வில்லியம்ஸ் டிரை போட்டார், கரின் ஸ்மித் போட்டார், பிளேன் ஸ்கல்லி போட்டார். மூன்று டிரையில் ஒன்றுக்கு உதைத்த கூடுதல் இரண்டு புள்ளி தவறியது. குளஸ்டரும் சும்மா இருக்கவில்லை, மொத்த ஆட்டத்தில் அவர்களும் மூன்று போட்டார்கள். 30-28. இரண்டு புள்ளிதான், ஆனால் நேரம் தீர்ந்துகொண்டிருந்தது. அப்புறம் அந்த பெனால்டி. கேரத் ஆன்ஸ்கம் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடந்தபோது முப்பதாயிரத்துக்கு மேல் கூடியிருந்த இடத்தில் என் மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்டது. பெரியவர் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். நாடி பார்க்கிற மாதிரி. பந்து கம்பங்களுக்கு நடுவே போனது.

ஆன்ஸ்கம், உங்கள் அணித் தோழர்கள் எல்லாருக்கும், இந்த வயதான மனிதருக்கு இன்னொரு முறை இதைக் காட்டியதற்காக நன்றி. அடுத்த சீசனில் சாம்பியன்ஸ் கோப்பையில் இடம் கிடைத்தது இந்த வெற்றியால்தான். அது பெரிய விஷயம் என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்த நிமிடத்தில் அதை எங்கள் வரிசையில் யாரும் நினைக்கவில்லை.

எங்கள் முன்வரிசையில் குளஸ்டர் துண்டு போட்ட கணவனும் மனைவியும் இருந்தார்கள். ஆட்டத்துக்கு முன்பு மாடிப்படி ஏறும்போது பெரியவரின் ஒரு கையை நான் பிடிக்க, கேட்காமலே மறு கையைப் பிடித்தவர் அந்த மனைவி. போன வருடம் எடின்பரோவில் இதே கோப்பையின் இறுதிப்போட்டியில் அவர்கள் அணி தோற்றிருந்தது. இந்த வருடம் ஒரு புள்ளியில். நாங்கள் கத்திக் குதித்து ஓய்ந்தபோது அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி, பெரியவரைக் கட்டிக்கொண்டு, "உங்களுக்குக் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்" என்றார். இறங்கும்போதும் அதே கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். தோற்ற துக்கத்தோடு ஒருவர் செய்த அந்த உதவியை நான் மறக்கமாட்டேன். குளஸ்டர் இங்கிருந்து ஒன்றேகால் மணி நேரம்தான், அம்மா. எப்போது வந்தாலும் எங்கள் வீட்டில் சாப்பாடு உண்டு.

மறுநாள் அதே மைதானத்தில் பெரிய கோப்பையின் இறுதிப்போட்டி. அயர்லாந்தின் லெய்ன்ஸ்டர், ‘ரேசிங் 92’ என்ற பிரெஞ்சு அணியை 15-12 என்று வென்றதாகக் கப்பலில் யாரோ சொன்னார்கள். பெரியவர் தூங்கிக்கொண்டிருந்தார், எழுப்பவில்லை.

கடைசியாக, என் வார்டில் இருப்பவர்களுக்கு. அந்த வாரம் எனக்கு மூன்று நைட் டூட்டி இருந்தது. வார்டு சிஸ்டர் அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தபோது, மூன்று பேர் ஆளுக்கு ஒரு ராத்திரியை எடுத்துக்கொண்டீர்கள். ஒருவருக்கு அன்று மகனின் பிறந்தநாள் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்தப் பிள்ளைக்கு பில்பாவோவிலிருந்து ஒரு சின்ன ரக்பி பந்து வாங்கி வந்திருக்கிறேன். மூன்று ராத்திரிக்கும் நான் உங்களுக்குக் கடன். ஜூன் அட்டவணை வந்துவிட்டது, யாருக்கு எந்த நாள் வேண்டும் என்று சொல்லுங்கள், வந்து நிற்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கான்டன் வீட்டுத் தமிழ்ப் பெண்