குழாயடியிலும் விசாரித்திருக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறன்று மாவட்டப் பக்கத்தில் எங்கள் ஊராட்சி முன்னாள் தலைவரைப் பற்றி அரைப்பக்கம் எழுதியிருந்தீர்கள். மறுபடியும் நிற்கப் போகிறாராம், நிற்கட்டும். அதில் ஒரு வரி: 'குடிநீர், தெருவிளக்கு என்ற அன்றாடத் தேவைகளுக்கு அப்பால் சிந்திக்கும் அபூர்வமான மக்கள் பிரதிநிதி.' அப்பால் சிந்திக்கிறவர் வேண்டும் என்று யாரய்யா கேட்டது? ஊராட்சித் தலைவரின் வேலையே குடிநீரும் தெருவிளக்கும்தான். உங்களுக்குத் தெரியாததா?

அவர் பின்னணி எங்களுக்குப் புதிதில்லை. மீனவர் சங்கப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவரின் மகன். மதுரையில் வக்கீலுக்குப் படித்தார், சாதி பார்க்காமல் கல்யாணம் செய்தார். கோயில் வரி கேட்டுப் போனவர்களுக்கு டீ மட்டும் வாங்கிக் கொடுத்து அனுப்பினார். அதற்கும் யாரும் கோபப்படவில்லை. 2019 டிசம்பரில் எங்கள் தெரு மொத்தமும் அவருக்குத்தான் போட்டது, நான் உள்பட. ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாதே, ஆளைப் பார்த்துத்தான் போட்டோம்.

முதல் கிராம சபையிலேயே கச்சத்தீவை மீட்கத் தீர்மானம். 1974-இல் போனது திரும்பி வந்தால் சந்தோஷம்தான். அந்தக் கடலில் பிடிபட்டுப் போகிறவர்கள் எங்கள் வீட்டு ஆண்கள்தானே. ஆனால் டில்லியும் கொழும்பும் பேச வேண்டியதை முக்கால் மணி நேரம் பேசியவர், மேலத்தெருக் குழாயைப் பற்றிக் கேட்க நான் எழுந்ததும், "அது அஜெண்டாவில் இல்லையே அக்கா" என்றார். மார்ச் 22 தண்ணீர் தினத்துக்கென்றே ஒரு கிராம சபை உண்டு. அதிலும் எங்களுக்குக் கிடைத்தது ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில்.

காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் எங்கள் தெரு வழியாகத்தான் போகிறது. தண்ணீர் என்றைக்கு வரும் என்பது திறந்துவிடுகிறவருக்கும் ஆண்டவனுக்கும் மட்டுமே தெரியும். வராத நாளில் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு ஊற்றுக்குப் போகிறோம். மணலில் தோண்டிய குழிக்குள் இறங்கி, கலங்காமல் சிரட்டையால் மொண்டு, துணி கட்டிய குடத்தில் ஊற்ற வேண்டும். முன்னால் வந்தவள் மொண்டு முடித்திருந்தால் மறுபடி ஊறும்வரை கரையில் உட்கார வேண்டியதுதான். கோடையில் அதுவும் உப்புக் கரிக்கும்.

நான் கடலில் முங்கிப் பாசி எடுக்கப் போகிறவள். மரிக்கொழுந்துப் பாசி பிடுங்கும்போது பாறை கிழிக்காமலிருக்க விரலுக்கு விரல் துணி சுற்றிக்கொண்டு முங்குவோம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சேர்த்து 1986-இல் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். எங்கள் அம்மா உரிமையோடு போய்வந்த இடத்துக்கு நாங்கள் பயந்து பயந்து போகிறோம். அதைப் பற்றித் தலைவர் நன்றாகவே பேசுவார், மறுக்கவில்லை. மார்ச் 8 விழாவில் எங்களை முன்வரிசையில் உட்கார வைத்துப் பொன்னாடையும் போர்த்தினார். அந்தப் படத்தைப் போட்டதும் நீங்கள்தான். உப்பு உடம்போடு கரையேறுகிறவளுக்கு மேலுக்கு ஊற்ற ஒரு வாளி நல்ல தண்ணீர் வேண்டுமே என்று அந்த மேடையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பொன்னாடையைக் கட்டிக்கொண்டு குளிக்கலாம் என்று நினைத்தார்களோ என்னவோ.

2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் வந்த பிறகும் குழாய் அப்படியேதான் இருக்கிறது. எல்லாப் பழியையும் அவர் தலையில் கட்டவில்லை. ஆனால் அரைப்பக்கம் கிடைத்தது அவருக்குத்தானே? சென்ற வருஷம் இதே தண்ணீருக்காக நான் எழுதிய கடிதத்தில், உங்கள் பத்திரிகையைப் பாராட்டிய முதல் பத்தியை மட்டும் போட்டீர்கள். அதனால் இந்தமுறை பாராட்டு எழுதவில்லை.

கேட்பது ஒன்றுதான். மின்தடை அறிவிப்பு போடுகிறீர்கள் அல்லவா, அதன் கீழேயே காவிரித் தண்ணீர் எந்த ஊருக்கு எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று விசாரித்து இரண்டு வரி போடுங்கள். அதற்கு அரைப்பக்கம் தேவைப்படாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மண்டபம் வட்டாரம்.
(பெயர் போட வேண்டாம். ஊற்றில் வரிசைக்கு நிற்க வேண்டியவள் நான்.)