நத்தை வாங்குவதற்கு முன்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தங்கமீன்கள் இரண்டும் உருண்டு திரண்டு, வாலை விரித்துக்கொண்டு அழகாக நிற்கின்றன. ஆனால் முன்கண்ணாடி முழுவதும் பாசி. “இரண்டு நத்தை வாங்கி விட்டால் தின்று துடைத்துவிடும்தானே, அம்மா?” என்று கேட்டிருந்தாய். தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால் பேச்சு உன் பாடசாலைக் கதைக்குள் போய்விடும். அதனால் எழுதுகிறேன்.

நத்தையைத் துப்புரவு வேலைக்கென்று வாங்காதே மகள். கண்ணாடியில் படிந்த மெல்லிய பாசியையும் மிஞ்சிய தீனியையும் அது தின்னும். மீனின் கழிவைத் தின்னாது. தின்றதற்கு ஏற்றபடி தானும் கழிக்கும். தங்கமீனோ ஏற்கெனவே தண்ணீரை மிகவும் அசுத்தப்படுத்துகிற மீன். அது வெளியேற்றும் அமோனியாவை பில்டரில் குடியேறும் பக்டீரியாக்கள்தான் நஞ்சு குறைந்த பொருளாக மாற்ற வேண்டும். அவை பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் வேண்டும், நீ இருக்கும் நுவரெலியாக் குளிரில் இன்னும் கூடுதலாகவே ஆகும். உன் தொட்டி வைத்து மூன்று வாரம்தான் ஆகிறது. தொட்டியும் சிறியது. இந்த வகை மீன் இரண்டுக்கு நூறு லீற்றருக்குக் குறையாமல் தண்ணீர் வேண்டும். முதலில் தொட்டியை மாற்று. அதை வெயில் விழும் அந்த ஜன்னலிலிருந்து தள்ளி வை. இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு மட்டும் தீனி போடு. வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீரை மாற்றிக் கண்ணாடியைச் சவர்க்காரம் படாத துணியால் துடை. பாசியில் பெரும்பகுதி இதிலேயே போய்விடும்.

இவ்வளவும் செய்த பிறகும் நத்தை வேண்டும் என்று தோன்றினால், அது நத்தை மீதுள்ள ஆசை. அந்த ஆசை உனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. வவுணதீவில் மாமாவின் வயலிலிருந்து ஜாம் போத்தலில் வயல் நத்தை ஒன்றைக் கொண்டுவந்து, வலையிறவுப் பாலம் தாண்டும் வரை மடியில் வைத்திருந்தாய். அப்போது நான் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், வயலிலோ வாய்க்காலிலோ பிடித்த நத்தையைத் தொட்டிக்குள் விடக்கூடாது. அதன் உடம்பில் ஒட்டுண்ணிகளின் குடம்பிகள் இருக்கலாம், வயலுக்கு அடித்த மருந்தும் இருக்கலாம். கடையில் வாங்கினாலும் இரண்டு வாரம் தனிப் பாத்திரத்தில் வைத்துப் பார்.

எந்த நத்தை என்பதை உன் மீனின் வாய்தான் தீர்மானிக்கும். தங்கமீனுக்குத் தொண்டைக்குள் பற்கள் உண்டு. ஆட்டுக்கடாவின் கொம்புபோல் சுருண்ட சிறிய நத்தைகளை அது நொறுக்கித் தின்றுவிடும். வாய்க்குள் போகும், ஆனால் நொறுங்காது என்ற அளவில் உள்ளதுதான் மிக ஆபத்து. அது வாயில் சிக்கினால் மீனும் போகும். கடைகளில் மிஸ்டரி நத்தை என்று விற்கும் பெரிய நத்தை ஐந்து சென்ரிமீற்றர் வரை வளரும், விழுங்க முடியாது. ஆனாலும் மீன் அதன் நீண்ட உணர்கொம்புகளைப் புழுவென்று நினைத்துக் கொத்தும். கொம்பு மீண்டும் முளைக்கும். ஆனால் ஓயாமல் கொத்தினால் நத்தை ஓட்டை விட்டு வெளியே வராமல் பட்டினி கிடக்கும். அப்போது பிரித்துவிடத்தான் வேண்டும். உன் ஊரின் குளிர் தங்கமீனுக்குப் பிடிக்கும், இந்த நத்தைக்குப் பிடிக்காது. தண்ணீர் 18 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் அது சுருண்டு கிடக்கும். சிறிய ஹீட்டர் ஒன்றை 22 பாகையில் வைத்தால் இரண்டுக்கும் ஒத்துவரும்.

எனக்குப் பிடித்தது நெரைட் நத்தை. பாசி தின்பதில் அதற்கு நிகர் இல்லை, நன்னீரில் பெருகவும் பெருகாது. அதன் குஞ்சுகள் வளர உப்புக் கலந்த தண்ணீர் வேண்டும். அதன் உறவினங்கள் வாழ்வது நம் வாவியைப் போன்ற உவர்நீரில். ஒரு குறை, எள்ளுப்போல வெள்ளை முட்டைகளைக் கண்ணாடியில் ஒட்டிவைக்கும். மல்லாந்து விழுந்தால் பலவேளை தானாகப் புரளாது, நீதான் திருப்பிவிட வேண்டும். இரவில் தொட்டியை விட்டு ஏறியும் போய்விடும். மூடி இல்லாமல் வைக்காதே.

வாவியைப் பற்றிச் சொல்லும்போது நினைவுக்கு வருகிறது. வாவிக்குள்ளிருந்து ஓசை எழுப்பும் நம் பாடும் மீன் பற்றி 1848இல் இங்கு வந்த பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட் விசாரித்தபோது, பாடுவது மீன் இல்லை, ஊரி என்னும் நீர்நத்தை என்றுதான் மீனவர்கள் சொன்னார்களாம். ‘அழும் சிப்பி’ என்று பொருள்படும் பெயரையும் சொல்லி, அந்த ஊரிகளையும் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். படகின் பலகையில் காதை வைத்தபோது அந்த ஓசை இன்னும் தெளிவாகக் கேட்டதாக அவர் எழுதிவைத்திருக்கிறார். நத்தை ஒன்றும் அறியாத பிராணி என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த மீனவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள்.

இனி நத்தையின் ஓட்டைப் பற்றி. மலைநாட்டுத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து குறைவு. ஓட்டின் நுனி வெளிறிக் குழிவிழத் தொடங்கினால் காரணம் அதுதான். கல்லடிக் கடற்கரையில் பொறுக்கிய கணவாய் ஓடுகளை உப்புப் போக இரண்டு நாள் ஊறவைத்து, அவித்துக் காயவைத்திருக்கிறேன். ஒரு துண்டைத் தொட்டியில் போட்டால் மெல்லக் கரையும். பாசி தீர்ந்த பிறகு அவித்த பூசணித் துண்டோ கீரையோ கொடு. மீன் முந்திக்கொள்ளும் என்பதால் விளக்கை அணைத்த பிறகு போடு.

இதைச் சொல்ல இன்னும் மனம் வலிக்கிறது. நீ பல்கலைக்கழகத்தில் இருந்தபோது நம் மீனுக்கு வெண்புள்ளி நோய் வந்தது. கடையில் கொடுத்த மருந்தை அப்படியே தொட்டிக்குள் ஊற்றினேன். அதில் செப்பு கலந்திருந்தது. விடியும்போது மூன்று நத்தைகளும் ஓட்டின் வாய்மூடி திறந்து தொங்கிக் கிடந்தன. செப்பு நத்தைக்கு நஞ்சு என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. மீனுக்கு மருந்து போடுவதானால் வேறு வாளியில் வைத்துப் போடு. நத்தை அசையாமல் கிடந்தால் எடுத்து முகர்ந்து பார். செத்திருந்தால் நாற்றம் சொல்லிவிடும். உடனே அகற்று, இல்லாவிட்டால் தண்ணீர் கெட்டு மீனையும் கொல்லும்.

மிஸ்டரி நத்தை வாங்கினால் நீர்மட்டத்துக்கு மேலே கொத்தாக முட்டையிடும். அந்தக் கொத்தைச் சுரண்டி, ஒரு நாள் பிரீசரில் வைத்துவிட்டுக் குப்பையில் போடு. வளர்க்க முடியாமல் போனாலும் கிரகரி வாவியிலோ ஓடையிலோ விட்டுவிடாதே. இதே குடும்பத்துத் தென்னமெரிக்க நத்தை ஒன்றை 1980களில் உணவுக்காகப் பிலிப்பைன்ஸுக்குக் கொண்டுபோனார்கள். அது தப்பிப் பெருகி இளம் நாற்றைத் தின்று அழித்தது. படுவான்கரை வயல்களைப் பார்த்து வளர்ந்த உனக்கு அந்த நட்டம் எப்படிப்பட்டது என்று தெரியும்.

கணவாய் ஓட்டை அடுத்த வீட்டு அக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன், சனிக்கிழமை பஸ் ஏறுகிறார். அங்குள்ள குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவிய பிறகு உனக்கு இருமல் வருகிறதா என்றும் எழுது. புதுத் தொட்டி வைத்ததும் படம் அனுப்பு.

அன்புடன்,
அம்மா