சந்தோஷமாயிருக்கச் சொல்லும் ஐயர்மாருக்கு ஒரு திறந்த மடல்

தென்மாவட்டச் சபைகளில் போதக ஊழியம் செய்யும் ஐயர்மாருக்கும், உபதேசியார்மாருக்கும், பல சபைகள் சேர்ந்த சேகரங்களின் கமிட்டியாருக்கும்,

கிறிஸ்துவுக்குள் ஸ்தோத்திரம்.

31 வருஷமாக ஓய்வுநாள் பாடசாலையில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறவள் எழுதுகிறேன். என் முன்னால் தரையில் உட்கார்ந்து வசனம் ஒப்பித்த பிள்ளைகளில் இரண்டு பேர் இன்று அங்கி போட்டு ஆராதனை நடத்துகிறார்கள். அந்த உரிமையில்தான் இந்தக் கடிதம்.

"எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்." பிள்ளைகளுக்கு நாங்கள் முதல் முதலில் சொல்லிக்கொடுக்கிற வசனங்களில் ஒன்று. இரண்டே வார்த்தை, நாலு வயசுப் பிள்ளைக்கும் வாயில் நிற்கும். அந்த இரண்டு வார்த்தைதான் மூன்று வருஷத்துக்கு முன்னால் என்னைக் கோவிலுக்குப் போகவிடாமல் பண்ணியது.

என் வீட்டுக்காரர் இறந்து மூன்றாவது ஞாயிறு. அப்போது நான் போய்க்கொண்டிருந்த சபையில், வெளியூரிலிருந்து வந்த ஒருவர் பிரசங்கம் பண்ணினார். துக்கமுகம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற விசுவாசி ஆண்டவருக்குச் சாட்சி இல்லை என்றார். அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். ஆனால் நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த நேரம் அது. ஆராதனை முடிந்ததும் கை கொடுக்க வந்தவர்களும் அதையே வேறு விதமாகச் சொன்னார்கள். "அவர் கர்த்தரண்டை போயிட்டாரு, நீங்க சந்தோஷப்படணும்லா." அடுத்த வாரம் முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு போனேன். எப்படி இருக்கீங்க என்று கேட்டவர்களுக்கெல்லாம் "கர்த்தருடைய கிருபையால சந்தோஷமா இருக்கேன்" என்றேன். பரிசுத்த ஸ்தலத்தில் நின்றுகொண்டு பொய் சொல்லுகிறோமே என்று வீட்டுக்கு வந்து அழுதேன். அதற்குப்பிறகு நாலு மாசம் போகவில்லை.

என்னைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தது ஒரு பாட்டி. கருப்பட்டி காய்ச்சிப் பிள்ளைகளை வளர்த்தவள். எழுத்து வாசிக்கத் தெரியாது, ஆனால் கீர்த்தனைகளில் பாதி மனப்பாடம். ஒரு நாள் மத்தியானம் வந்து திண்ணையில் உட்கார்ந்தாள். ஜெபம் பண்ணட்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. நான் அழுகையை அடக்குகிறதைப் பார்த்துவிட்டு, "அழுதுரு மக்ளே. லாசரு கல்லறையில ஏசுவே அழுதாரு. நீ என்ன அவருக்கு மேலயா?" என்றாள். பிறகு என் வீட்டுக்காரர் சின்ன வயசில் அவள் விளையில் நுங்கு திருடி, பனையோலைக்குள் ஒளிந்து, கட்டெறும்பு கடித்து அவராகவே வெளியே ஓடிவந்த கதையைச் சொன்னாள். எனக்குத் தெரியாத கதை. அவர் போன பிறகு நான் முதல் முதலாகச் சிரித்தது அன்றைக்குத்தான். கண்ணில் தண்ணீர் நிற்கவும் இல்லை.

போகும்போது, "அசனத்துக்கு வெங்காயம் உரிக்க ஆளு காணாது, வா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சபையே சேர்ந்து சமைத்து ஒன்றாய் உட்கார்ந்து சாப்பிடுகிற நம்முடைய அசனப் பண்டிகையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் முந்தின இரவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல விரும்புகிறேன். உங்களில் பலர் அப்போது மறுநாள் ஆராதனைக்கான ஆயத்தத்தில் இருப்பீர்கள். பந்தலுக்குள் தார்பாய் விரித்து மூட்டை மூட்டையாகச் சின்ன வெங்காயத்தைக் கொட்டியிருந்தார்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். ஒரு பக்கம் ஆட்டுக்கறி துண்டாகிக்கொண்டிருந்தது, இன்னொரு பக்கம் தேங்காய் துருவல். கொத்தனாரும், வங்கி மேனேஜரும், ஊரிலேயே பெரிய கடை வைத்திருக்கிறவரும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரே அடுப்புக்கு விறகு தள்ளினார்கள். வெங்காயம் உரிக்கிற இடத்தில் யாரும் யாரையும் ஏன் அழுகிறாய் என்று கேட்பதில்லை. எல்லார் கண்ணிலும் தண்ணீர். ஒருத்தி கீர்த்தனையைத் தொடங்கினாள், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். விடிகிறதற்கு முன்னால், என்னையறியாமலே என் வாயும் பாடிக்கொண்டிருந்தது. யாரும் என்னைச் சந்தோஷப்படச் சொல்லவில்லை. எனக்கு ஒரு அரிவாள்மனையும் உட்கார இடமும் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

அந்த வாரம் அப்போஸ்தலனாகிய பவுல் பிலிப்பியருக்கு எழுதின நிருபத்தை உட்கார்ந்து முழுதும் வாசித்தேன். நாலே அதிகாரம். சந்தோஷத்தின் நிருபம் என்று பிரசங்கத்தில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். பவுல் கட்டுகளில் இருந்துகொண்டு எழுதியது என்பதும் எல்லாரும் சொல்லுவதுதான். ஆனால் அதே நிருபத்தில் இரண்டாம் அதிகாரத்தில், தன்னோடு ஊழியம் செய்த எப்பாப்பிரோதீத்து வியாதியாய் மரணத்துக்குச் சமீபமாயிருந்ததைச் சொல்லி, அவன் இறந்துபோயிருந்தால் தனக்குத் துக்கத்தின்மேல் துக்கம் வந்திருக்கும் என்று எழுதுகிறாரே, அதை யாரும் எனக்குப் பிரசங்கித்தது இல்லை. மூன்றாம் அதிகாரத்தில் "கண்ணீரோடும் சொல்லுகிறேன்" என்கிறார். அந்தக் கண்ணீர் காய்கிறதற்குள் நாலாம் அதிகாரத்தில், கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள் என்கிறார். அழுகிற மனுஷன் சொன்ன வார்த்தை ஐயா அது! அழாதவர்கள் அதை எடுத்து அழுகிறவர்களைத் திட்டப் பயன்படுத்தலாமா?

அப்போஸ்தலர் நடபடிகள் 16-ஆம் அதிகாரத்தையும் உங்களோடு சேர்ந்து இன்னொரு தடவை பார்க்க ஆசை. அதுவும் பிலிப்பி பட்டணம்தான். நடுராத்திரியில் பவுலும் சீலாவும் சிறைச்சாலையில் தொழுமரத்தில் கால் மாட்டப்பட்டுப் பாடினதைப் பற்றி ஆயிரம் பிரசங்கம் இருக்கிறது. பூமியதிர்ச்சி, கதவு திறந்தது, காவற்காரன் இரட்சிக்கப்பட்டது, அதோடு ஆமென் சொல்லிவிடுகிறோம். அதற்கு அப்புறம் அந்தக் காவற்காரன் என்ன செய்தான்? அதே ராத்திரியில் அவர்களுடைய காயங்களைக் கழுவினான். ஞானஸ்நானம் பெற்றான். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பாடு வைத்தான். அதன்பிறகுதான் அவனும் அவன் வீட்டார் அனைவரும் மனமகிழ்ந்தார்கள் என்று எழுதியிருக்கிறது. முன்னால் அவர்களைத் தொழுமரத்தில் மாட்டினதும் அவன்தான். விடிகிறதற்குள் அவர்களுக்குச் சோறு போட்டதும் அவன்தான். காயம் கழுவின கையோடு வந்த சந்தோஷம் அது. எங்கள் ஊர் அசனப் பந்தலில் எனக்கு எது கிடைத்தது என்பதை அந்த இடத்தை வாசித்தபோதுதான் கண்டுபிடித்தேன்.

இதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. டோனாவூரில் ஆதரவில்லாத பிள்ளைகளை வளர்த்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் கீழே விழுந்து அடிபட்டார். 1951-இல் கண்ணை மூடும்வரை ஏறக்குறைய 20 வருஷம் பெரும்பாலும் தன் அறைக்குள்ளேதான். வலியோடேயே எழுதிக்கொண்டும் பிள்ளைகளுக்குத் தாயாகவும் இருந்தார். அவர் கல்லறையில் பறவைகள் தண்ணீர் குடிக்கிற தொட்டி ஒன்றுதான் இருக்கிறது, அதில் "அம்மா" என்ற ஒரே வார்த்தை. அங்கே போய் நின்றவர்களுக்குத் தெரியும், ஆண்டவருக்குள் சந்தோஷம் என்பது வலி இல்லாமல் இருப்பது அல்ல.

ஆகையால் ஐயா, உங்களிடம் சிலவற்றைக் கேட்கிறேன்.

துக்க வீட்டில் இருந்து வருகிறவர்களை மூன்று மாசமாவது சாட்சி சொல்லக் கூப்பிடாதீர்கள். வந்தால் உட்காரட்டும், அழுதால் அழட்டும். 88-ஆம் சங்கீதத்தை வருஷத்தில் ஒரு நாளாவது சபையில் வாசியுங்கள். கடைசி வசனம்வரை ஆறுதல் இல்லாத சங்கீதம் அது. ஆனாலும் வேதத்துக்குள்தானே இருக்கிறது? அதைக் கேட்டு வீட்டுக்குப் போகிறவளுக்கு, தன் இருட்டுக்கும் ஆண்டவருடைய வீட்டில் இடம் உண்டு என்று தெரியும்.

அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், இது எனக்கு மனசில் நெடுநாளாய் இருக்கிற பாரம். ஏலம் எவ்வளவு அழகான காரியம்! ஒரு சுரைக்காய் 500 ரூபாய்க்குப் போகும், எடுத்தவர் அதைத் திரும்பவும் ஏலத்துக்கே கொடுப்பார், பிள்ளைகள் கைதட்டிச் சிரிப்பார்கள். கொடுக்கிறவனும் சிரிக்கிற இடம் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது? ஆனால் ஏலம் முடிந்ததும் மைக்கில் காணிக்கைத் தொகையைப் பெயரோடு வாசிக்கிற பழக்கம் சில இடங்களில் வந்திருக்கிறது. 50 ரூபாய் வைத்த ஒரு அக்கா, தன் பெயரை வாசிக்கிறதற்கு முன்னால் பக்கவாசல் வழியாய் இறங்கிப்போனதை என் கண்ணால் பார்த்தேன். அவள் அடுத்த வருஷம் பண்டிகைக்கு வரவில்லை. என் அம்மா அடுப்பங்கரையில் ஒரு சின்னப் பானை வைத்திருந்தாள். சோறு பொங்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை ஆண்டவருக்கென்று அதில் போடுவாள். எத்தனை படி சேர்ந்தது என்று யாரும் மைக்கில் சொல்லவில்லை. போடும்போது அவள் முகத்தைப் பார்த்துத்தான் நான் விசுவாசியானேன். பெயரையும் தொகையையும் வாசிப்பதை நிறுத்திவிடுங்கள், தயவுசெய்து.

பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. வாலிபர்களைக் குறை சொல்ல வரவில்லை. என் பேரன் கீபோர்டு வாசிக்கிறான், அதைக் கேட்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது. ஆனால் பாடுகிற பாட்டெல்லாம் ஜெயம், ஜெயம் என்று மட்டும் இருந்தால், தோற்றுப்போய் வந்து உட்கார்ந்திருக்கிறவன் எதைப் பாடுவான்? 1774-இல் நம்முடைய பாளையங்கோட்டையில் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியார், குறத்தி ஆடிப்பாடிக் குறிசொல்கிற குறவஞ்சியை எடுத்து பெத்லகேம் குறவஞ்சியாக்கினார். நம் ஜனங்கள் எதில் மகிழ்ந்தார்களோ அதையே எடுத்து ஆண்டவருக்குக் கொடுத்தார். நம் கீர்த்தனைகளில் ஆனந்தமும் உண்டு, புலம்பலும் உண்டு. இரண்டையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். சொல்லிக்கொடுக்க நேரம் இல்லையென்றால் ஞாயிறு காலை எட்டு மணிக்கு என்னிடம் அனுப்புங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்.

அந்தப் பாட்டி போன வருஷம் ஆண்டவரிடம் போய்விட்டாள். அடக்க ஆராதனையில் நான் சத்தமாக அழுதேன், யாரும் தடுக்கவில்லை. அழுதுகொண்டே அவளுக்குப் பிடித்த கீர்த்தனையையும் பாடினேன்.

இந்த வருஷ அசனத்துக்கு முந்தின இரவு ஒன்பது மணிக்கு வெங்காயம் கொட்டுவோம். எந்தச் சேகரத்து ஐயராக இருந்தாலும் வாருங்கள், ஐயரம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஜெபம் பண்ணவோ பேசவோ வேண்டாம். உங்கள் இரண்டு பேருக்கும் அரிவாள்மனை எடுத்து வைத்திருப்பேன். பாட்டி உட்காருகிற இடம் காலியாகத்தான் இருக்கிறது.

கர்த்தருக்குள்,
உங்கள் ஓய்வுநாள் பாடசாலை டீச்சர்