ஹிட்லருக்கு பதவி கொடுத்தது யாரு?

ஆசிரியருக்கு வணக்கம். ஐரோப்பாவுல தீவிர வலதுசாரி கட்சிகள் வளர்றத பத்தி நம்ம பேப்பர்ல வந்த தலையங்கம் படிச்சேன், அவசியமான தலையங்கம், ஆனா மக்கள் கோபத்துல ஓட்டு போட்டு இவங்கள கொண்டு வர்றாங்கன்னு சொன்னது பாதி கதை தான். பழைய பெரிய கட்சிக்காரங்களும் ஆட்சியில இருந்தவங்களும் தான் இவங்கள உள்ள விட்டாங்க. இத்தாலியில 1921 தேர்தல்லயே அப்ப பிரதமரா இருந்த ஜியோலிட்டி தன் கூட்டணியில சேர்த்து முசோலினி ஆளுங்கள பார்லிமென்ட்டுக்கு கூட்டிட்டு வந்தாரு, அடுத்த வருஷம் ரோம் நோக்கி அவங்க கிளம்பினப்ப எமர்ஜென்சி உத்தரவுல கையெழுத்து போட மறுத்த மன்னர், முசோலினியையே கூப்பிட்டு பிரதமர் ஆக்கிட்டாரு. ஜெர்மனி இன்னும் மோசம், 1932 ஜூலைல 37 சதவீதம் ஓட்டு வாங்கின நாஜி கட்சி நவம்பர்ல 33க்கு இறங்கிடுச்சு, அப்படி சரிஞ்சிட்டு இருந்த நேரத்துல முன்னாள் சான்சலர் (நம்ம பிரதமர் மாதிரி பதவி) ஃபான் பாப்பன் மாதிரி ஆளுங்க ஹிட்லர நம்ம கட்டுப்பாட்டுல வச்சுக்கலாம்னு கணக்கு போட்டு, ஜனாதிபதி ஹிண்டன்பர்க்க சம்மதிக்க வச்சு 1933 ஜனவரி 30ல சான்சலர் ஆக்கினாங்க. மார்ச் 23ல பார்லிமென்ட்ல நடந்த ஓட்டெடுப்புல சட்டம் போடுற அதிகாரமே ஹிட்லர் கைக்கு போயிடுச்சு, எதிர்த்து ஓட்டு போட்டது சோஷியல் டெமாக்ரட் கட்சி மட்டும் தான், கம்யூனிஸ்டுகள உள்ளயே விடல.

நான் ஸ்கூல்ல வரலாறு எடுக்கிறேன், பசங்க கிட்ட கேட்டா ஹிட்லர் மெஜாரிட்டி வாங்கி ஜெயிச்சாருன்னு தான் சொல்றாங்க, அது எனக்கு ரொம்ப கவலையா இருக்கு. இத்தாலி, ஜெர்மனி, ஸ்பெயின், போர்ச்சுகல்னு ஒவ்வொரு நாட்டுலயும் யார் யார் கூட்டணி வச்சு இவங்கள வளர்த்துவிட்டாங்கன்னு மாணவர் பக்கத்துல வாரா வாரம் ஒரு தொடரா போடுங்க சார்.