மிளகாய் காயவைக்கும் இயந்திரத்தைப் பூட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பல்கலைக்கழகத் தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலகத்தில் பொறுப்பில் இருக்கும் ஐயா, அம்மா எல்லோருக்கும் வணக்கம்.

போன வாரம் உங்களிடமிருந்து எனக்கு ஓர் அழைப்பிதழ் வந்தது. உங்கள் ஆராய்ச்சியாளர்களின் கண்டுபிடிப்புகளைத் தொழில் செய்பவர்களுக்குக் காட்டும் கண்காட்சியாம், தேநீரும் சிற்றுண்டியும் உண்டாம். அதில் முதல் படமே வெயிலின் சூட்டில் மிளகாய் காயவைக்கும் அந்த இயந்திரம்தான். கீழே பெரிய எழுத்தில், லைசென்ஸுக்குத் தயார், அதாவது வெளியாட்கள் பயன்படுத்த உரிமம் கொடுக்கத் தயார், தொழில் கூட்டாளிகளைத் தேடுகிறோம் என்று போட்டிருந்தது. முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, அப்புறம் அதுவும் வரவில்லை. நீங்கள் தேடும் கூட்டாளி, அந்த இயந்திரத்துக்கு லைசென்ஸ் கேட்டு உங்களிடம் வந்த நான்தான், ஒரு வருஷத்துக்கு மேலாக உங்கள் அலுவலகத்துக் கோப்பிலேயே கிடக்கிறாள். வெளியே எங்கே போய்த் தேடுகிறீர்கள்?

உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. யாரைப் பற்றி எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். இதே விஷயத்தை ஆங்கிலத்தில் உங்களுக்கு மின்னஞ்சலாக அனுப்பி, பெற்றுக்கொண்டோம் என்ற தானியங்கிப் பதிலையும் வாங்கி வைத்திருக்கிறேன். தமிழில் எழுதுவது நம் ஆட்களும் படிக்கட்டும் என்றுதான். இங்கே தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கமெல்லாம் ஊறுகாய், மசாலா, அப்பளம் என்று சின்னதாகத் தொழில் செய்கிறவர்கள் நிறையப் பேர், அவர்களில் சிலராவது உங்கள் பட்டியலைப் பார்த்து ஆசைப்பட்டிருப்பார்கள்.

பழைய கதை முழுவதையும் திரும்பச் சொல்லவில்லை, எல்லாம் கோப்பில் இருக்கிறது. நான் கேட்டது ஒன்றே ஒன்று. ஒரு பருவத்துக்கு மட்டும் சோதனை லைசென்ஸ் கொடுங்கள். என் இடம், என் மிளகாய், என் செலவு. பருவம் முடிந்ததும் இயந்திரம் எப்படி வேலை செய்தது என்ற கணக்கை உங்களிடமே கொடுத்துவிடுகிறேன். சரிப்பட்டு வந்தால் அதற்கப்புறம் முழு லைசென்ஸைப் பற்றிப் பேசுவோம். இல்லை, உனக்குக் கொடுக்க முடியாது என்றால் அதையாவது எழுத்தில் கொடுங்கள்.

இதற்கு ஏன் இவ்வளவு அவசரம் என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் தொலைபேசியில் கேட்டார். அவருக்கு அன்றைக்கு ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

நான் டர்பன் பக்கம் வெருலத்தில் மசாலா மில் நடத்துகிறேன். அப்பா நடத்தியது, அவருக்குப் பிறகு நான். எங்களுக்கு வரும் காய்ந்த மிளகாயில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து கப்பலில் வருவதுதான். நம் நாணயமான ரேண்ட் சரிந்தால் விலை ஏறும், துறைமுகத்தில் நெரிசல் என்றால் சரக்கு நின்றுவிடும். அதனால் டோங்காட் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் ஓர் அண்ணனிடம், நீங்கள் போடுங்கள், நான் எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். அவரும் என் வாக்கை நம்பிக் கரும்பு நின்ற நிலத்தில் ஒரு பகுதியைத் திருப்பி மிளகாய் போட்டார். அருமையாக விளைந்தது, நிறமும் காரமும் எங்கள் மசாலாவுக்கென்றே வைத்த மாதிரி.

ஆனால் இந்தக் கரையோரத்தில் மிளகாய் பழுக்கும் காலமும் மழைக்காலமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டுதான் வரும். பழுத்த மிளகாயில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர் இருக்கும், அதை நூற்றுக்குப் பத்து அளவுக்கு இறக்கினால்தான் அரைக்கலாம், மூட்டை கட்டலாம். தார்ப்பாயில் விரித்தோம். காலையில் வெயில், மதியம் மேகம், சாயங்காலம் மழை. கார் நிறுத்தும் கொட்டகைக்குள் அள்ளிக்கொண்டு போய் மின்விசிறி போட்டு வைத்தோம். மின்சார உலர்த்தியை வாடகைக்கு எடுக்கலாமா என்று பார்த்தால், 2023இல் லோட் ஷெடிங் என்கிற மின்வெட்டு ஆறாம் கட்டம் வரை போய் வந்த ஞாபகம் எங்களுக்கு இன்னும் போகவில்லை. பாதியில் கரண்ட் போனால் மிளகாய் புளித்துவிடும், வாடகையும் கட்ட வேண்டும். நாலைந்து நாள் விடாமல் மழை பிடித்தது. காம்பு ஓரத்தில் முதலில் வெள்ளையாக, அப்புறம் சாம்பல் நிறத்தில் பூஞ்சை. அண்ணன் ஒரு கைப்பிடி எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, இது மேலாக இருக்கிறது, தட்டிவிட்டு அரைத்தால் யாருக்குத் தெரியும் என்று கேட்டார். நட்டத்தில் நிற்கிற மனிதர் கேட்ட கேள்வி, அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

எனக்குத் தெரியுமே. மிளகாயில் பிடிக்கும் சில பூஞ்சைகள் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை விடும். அது கல்லீரலைக் கெடுக்கும், வறுத்தாலும் கொதிக்க வைத்தாலும் முழுதாகப் போகாது. எங்கள் மசாலாவை வாங்குகிறவர்கள் குழந்தைகளுக்குச் சமைக்கிறவர்கள். மொத்தத்தையும் குழி தோண்டிப் புதைத்தோம். பேசிய விலையில் பாதியை அண்ணனுக்கு என் கையிலிருந்து கொடுத்தேன், மீதியை அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால்கூட மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

இந்தக் கஷ்டத்துக்கென்றே செய்த இயந்திரம் உங்களிடம் இருக்கிறது. பகலில் வெயிலால் காற்றைச் சூடாக்கித் தட்டுகளுக்கு ஊடாக அனுப்புகிறது, மிஞ்சின சூட்டைக் கற்களில் பிடித்து வைத்து ராத்திரியிலும் மந்தாரத்திலும் கொடுக்கிறது. காற்றைத் தள்ளும் சின்ன விசிறிக்கு ஒரு சூரியத் தகடு போதும், ஊர்க் கரண்ட் வேண்டாம். நீங்கள் ஒரு தடவை கூட்டிக்கொண்டு போய்க் காட்டினீர்களே, ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால், அதன் தட்டுகளின் மேல் பழைய நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். நீங்கள் கவனித்தீர்களோ என்னவோ, நான் கவனித்தேன்.

அப்புறம் விலை. எவ்வளவு என்று கேட்டேன். நீங்களே ஒரு தொகை சொல்லுங்கள் என்றீர்கள். கணக்குப் போட்டுச் சொன்னேன். எங்கள் மதிப்பீட்டைவிடக் குறைவு என்று பதில் வந்தது. சரி, உங்கள் மதிப்பீடு எவ்வளவு என்று கேட்டால், அது ரகசியம். என் கடையில் மசாலாவை அடுக்கி வைத்துவிட்டு, விலை கேட்டு வருகிறவரிடம் இப்படிச் சொன்னால் அவர் என்னை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவார். இயந்திரத்தைப் பற்றிய தாள்களைப் பார்க்க ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொன்னீர்கள், அன்றைக்கே போட்டுக் கொடுத்தேன். உங்கள் பக்கத்துக் கையெழுத்துக்கு அது சட்டப்பிரிவுக்குப் போனது, இன்னும் திரும்பவில்லை. பேட்டன்ட், அதாவது கண்டுபிடிப்புக்கான சட்ட உரிமை, அதன் விவரமோ அரசாங்கப் பேட்டன்ட் அலுவலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று திறந்து கிடக்கிறது. எனக்கு வேண்டியது அதில் இல்லாத கைப்பக்குவம்: எத்தனை டிகிரி, தட்டில் எவ்வளவு கனத்துக்குப் பரப்புவது, எப்போது புரட்டுவது. அது தெரிந்தது அந்த இயந்திரத்தைச் செய்த மாணவிக்குத்தான், அவர் படிப்பு முடித்து வேலைக்குப் போய்விட்டார்.

அந்த மாணவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2008ஆம் ஆண்டின் 51ஆம் எண் சட்டம், பொதுப்பணத்தில் நடக்கும் ஆராய்ச்சியின் அறிவுச்சொத்தைப் பற்றியது, 2010 ஆகஸ்ட் முதல் நடைமுறையில் இருப்பது, உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். கண்டுபிடித்தவருக்கு முதல் பத்து லட்சம் ரேண்ட் வருவாய் வரை குறைந்தது 20 சதவீதமும், அதற்கு மேல் நிகர வருவாயில் 30 சதவீதமும் கொடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. நல்ல சட்டம். நாற்காலி அடுக்கிய இயந்திரத்தின் வருவாயில் 20 சதவீதம் எவ்வளவு என்று அந்தப் பெண்ணுக்கு யாராவது கணக்குப் போட்டுச் சொல்வீர்களா?

அதே சட்டத்தின் 11ஆம் பிரிவில், ஒருவருக்கே எழுதிக் கொடுக்காமல் பலருக்கும் கொடுக்கக்கூடிய லைசென்ஸுக்கு முன்னுரிமை என்று இருக்கிறது. சிறு தொழில்களுக்கும், கறுப்பினப் பொருளாதார மேம்பாட்டுக்குத் தகுதி பெற்ற நிறுவனங்களுக்கும் முன்னுரிமை என்றும் இருக்கிறது. அந்த மேம்பாட்டுச் சட்டத்தின் கணக்கில் இந்திய வம்சாவளியினரும் அடக்கம். என் மில் இந்த இரண்டிலும் வருகிறது, அதற்கான தாள்களும் உங்கள் கோப்பில்தான் இருக்கின்றன. ஆனாலும் உங்கள் அதிகாரி ஒருவர், நாங்கள் பெரிய நிறுவனம் ஒன்றுக்காகக் காத்திருக்கிறோம் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

பெரிய நிறுவனம் வந்தால் என்ன ஆகும் என்று இந்த நாடு பார்க்காததா? கலஹாரிப் பாலைவனத்தில் சான் பழங்குடி மக்கள் வேட்டைக்குப் போகும்போது பசி தெரியாமலிருக்க மென்று வந்த ஹூடியாச் செடியின் பசியடக்கும் சத்துக்கு நம் நாட்டு அரசு ஆராய்ச்சி நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர். பேட்டன்ட் எடுத்தது. 1997இல் லைசென்ஸ் பிரிட்டனின் பைட்டோஃபார்ம் நிறுவனத்துக்குப் போனது, அங்கிருந்து ஃபைசர் மருந்து நிறுவனத்துக்கு, ஃபைசர் விட்டதும் யூனிலீவருக்கு. 2008இல் யூனிலீவரும் கையைக் கழுவியது. பசியை அடக்கும் மருந்து வரவே இல்லை. அந்தச் செடியைக் காட்டிக் கொடுத்த சான் மக்களோடு பங்கு ஒப்பந்தம் போட்டதே 2003இல்தான், அதுவும் விஷயம் வெளியே வந்து ஊர் சிரித்த பிறகு. இன்னொரு பக்கம், ஈஸ்ட் லண்டன் துறைமுகத்தில் 1960களில் செய்த டோலோஸ் என்ற அலைதடுப்புக் கான்கிரீட் கட்டைக்கு யாரும் பேட்டன்டே எடுக்கவில்லை, அது இன்று உலகத்துக் கடற்கரைகளில் எல்லாம் கிடக்கிறது. பேட்டன்ட் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. எடுத்ததை யாருக்காவது கொடுங்கள் என்கிறேன். பேட்டன்டுக்கு ஆயுசு 20 வருஷம், மனுப் போட்ட நாளிலிருந்து அது ஓடிக்கொண்டிருக்கிறது. புதுப்பிக்கும் கட்டணத்தையும் நீங்கள் கட்டிக்கொண்டுதான் இருப்பீர்கள். யார் பணம் அது? நான் விற்கிற ஒவ்வொரு மசாலாப் பொட்டலத்திலும் 15 சதவீதம் வாட் வரி போகிறதே, அதிலும் ஒரு துளி இருக்கும்.

ஆராய்ச்சிப் பெருமை, கண்டுபிடிப்புப் பெருமை என்று வருஷாவருஷம் அறிக்கை போடுகிறீர்கள், இத்தனை பேட்டன்ட் எடுத்தோம் என்று எண்ணிக்கை வருகிறது. அதில் எத்தனை வெளியே போய் யாருக்காவது சோறு போட்டது என்ற பத்தியை எந்த அறிக்கையிலும் நான் பார்த்ததில்லை. வேண்டுமானால் அழைப்பிதழ் அச்சடிப்பதற்கும் ஒரு பேட்டன்ட் எடுத்துக்கொள்ளுங்கள், அந்த வேலை உங்களுக்கு நன்றாக வருகிறது.

மன்னிக்கவும். கோபத்தில் எழுதிவிட்டேன், அழிக்க மனசு வரவில்லை. உங்கள் அலுவலகத்தில் ஆட்கள் குறைவு என்பது எனக்குத் தெரியும். வருகிற மனுக்களைப் படிக்கவே நேரம் இருக்காது, அவசரப்பட்டு மலிவாகக் கொடுத்துவிட்டால் நாளைக்குத் தணிக்கையில் உங்களைத்தான் கேட்பார்கள். அந்தப் பயம் நியாயமானதுதான். அதனால்தான் முழு லைசென்ஸ் கேட்காமல் ஒரு பருவத்துக்குச் சோதனை லைசென்ஸ் கேட்கிறேன். அதில் நீங்கள் இழப்பது ஒன்றுமில்லை, எனக்கும் சேர்த்து இன்னும் நாலு பேருக்குக் கொடுத்தாலும் எனக்கு ஆட்சேபம் கிடையாது. உடைந்தால் நான் கட்டுகிறேன். அந்த நாற்காலிகளை இறக்கி வைக்க ஆள் இல்லை என்றால் அதற்கும் பக்கி என்கிற சின்னச் சரக்கு வண்டியோடு நானே வருகிறேன்.

பொதுப்பணத்தில் வந்த கண்டுபிடிப்பைப் பயன்படுத்தாமல் வைத்திருந்தால், நியாயமான நிபந்தனையில் வேறொருவருக்கு லைசென்ஸ் கொடுக்கச் சொல்லும் அதிகாரத்தைத் தேசிய அறிவுச்சொத்து மேலாண்மை அலுவலகத்துக்கு அந்தச் சட்டமே கொடுத்திருக்கிறது. இந்த மடலின் ஆங்கிலப் பிரதி அவர்களுக்கும் போகிறது. மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம், முறையாகத் தெரிவிக்கிறேன், அவ்வளவுதான்.

ஆகவே மரியாதையோடு மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். ஒரு பருவத்துக்குச் சோதனை லைசென்ஸ் கொடுங்கள், அல்லது முடியாது என்று ஒரு வரி எழுதுங்கள், எதுவானாலும் செப்டம்பர் முடிவதற்குள். அக்டோபரில் அண்ணன் நாற்று நடுவார். மறுபடியும் மிளகாயா, அல்லது பழையபடி கரும்பா என்று என்னிடம் கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கிறார்.

இப்படிக்கு,
மசாலா மில் நடத்தும் ஒருத்தி,
வெருலம்